இடுப்பு மூட்டுக்கு உலோகப் பூண்

இருத்தல், எழுதல், நடத்தல், படியேறல் என்னும் செயல்களை நாம் நாள்தோறும் எண்ணாமலே செய்துவருகின்றோம். உடலின் பாரத்தைத் தாங்கி, இச்செயல்களை ஓசையின்றி நடத்தித் தருவனவற்றுள் தலையாயவை நம் இடுப்பு மூட்டுகள். அவை பழுதுறும் வரையில் அவற்றின் அருமை நமக்குப் புலனாவதில்லை. பழுதுற்ற பின்னரோ, காலிற் சப்பாத்தை மாட்டுவதும் பெருந்தொழிலாகிவிடுகிறது.

மூட்டுத் தேய்வு முதியவர்க்கே உரியதெனப் பலர் கருதுவர். ஐம்பதிலும் நாற்பதிலும், சிலவேளை முப்பதிலும் அது வருவதுண்டு. உழைத்துக் குடும்பத்தைத் தாங்கவேண்டிய வயதில் இந்நோய் வந்தால், நிபுணர்கள் எடுத்துக் கூறும் வழிகளுள் ஒன்று, ஆங்கிலத்தில் ‘ஹிப் றீசேபேசிங்’ எனப்படும் சத்திரசிகிச்சையாகும். மூட்டின் மேற்பரப்பை மட்டும் புதுப்பிக்கும் முறை அது. இதற்கு உடன்படுமுன் நோயாளியும் குடும்பத்தாரும் அறிந்திருக்க வேண்டுவன சில உள.

உலக்கையும் பூணும்

தொடை எலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பிலுள்ள கிண்ணம் போன்ற குழியினுள் அமர்ந்து சுழல்கிறது. இரண்டின் மேலும் வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்தியுள்ளது. இப்போர்வை தேய்ந்துபோனால் எலும்போடு எலும்பு உராய்ந்து வலியும் விறைப்பும் உண்டாகின்றன. வலி பெரும்பாலும் கவட்டிலே தோன்றும்; சிலருக்கு முழங்காலிலே தோன்றி நோயின் இடத்தை மறைத்துவிடுவதும் உண்டு.

இதற்கு நெடுங்காலமாக வழங்கிவரும் சிகிச்சை முழு மூட்டு மாற்றமாகும். இங்கிலாந்தின் றைற்றிங்டன் வைத்தியசாலையில் ஜோன் சாண்லி என்னும் நிபுணர், உலோகத் தலையையும் அடர்த்தி மிக்க பொலித்தீன் கிண்ணத்தையும் இணைத்து 1962ஆம் ஆண்டில் இதற்கு உறுதியான அடித்தளமிட்டார். தொடை எலும்பின் தலையை வெட்டி நீக்கி, எலும்பின் உட்குழலில் உலோகத் தண்டொன்றைச் செருகி, அதன் முனையிற் செயற்கைத் தலையைப் பொருத்துவர். இன்றும் பெரும்பாலானோர்க்கு ஏற்றது இம்முறையே.

மேற்பரப்புச் சிகிச்சையின் தத்துவம் வேறு. உலக்கையின் நுனி தேய்ந்தால் நம் வீடுகளில் உலக்கையை எறிந்துவிடுவதில்லை; நுனியைச் செப்பனிட்டுப் பூண் இடுவோம். அவ்வாறே தொடை எலும்பின் தலையை வெட்டி எறியாது, அதனைச் செதுக்கி, கோபாற்று–குரோமியக் கலப்புலோகத்தாலான உறையொன்றை அதன்மேல் மாட்டுவர். குழியினுள்ளும் மெல்லிய உலோகக் கிண்ணமொன்றைப் பதிப்பர். நோயாளியின் சொந்த எலும்பு பெரும்பாலும் அவருக்கே எஞ்சுகிறது. பின்னொரு காலத்தில் மறு சிகிச்சை வேண்டியதாயின், தொடைப் பக்கத்தில் முழு மாற்றத்துக்கு வேண்டிய எலும்பு கையிருப்பில் இருக்கும். செயற்கைத் தலை இயற்கைத் தலையின் அளவை ஒத்திருப்பதால் மூட்டு விலகும் ஆபத்தும் குறைவு.

இவ்வெண்ணம் புதியதன்று. 1970களில் உலோக உறையையும் மெல்லிய பொலித்தீன் கிண்ணத்தையும் கொண்டு செய்த முயற்சிகள், பொலித்தீன் தேய்ந்து துகளாகிச் சூழ்ந்த எலும்பைக் கெடுத்தமையால் கைவிடப்பட்டன. பேர்மிங்காம் நகரத்து நிபுணர் டெரெக் மக்மின் 1991இல் இரு பக்கத்துக்கும் உலோகத்தையே பயன்படுத்தி இதற்குப் புத்துயிர் அளித்தார். ‘பேர்மிங்காம்’ என்னும் பெயராலேயே அறியப்பட்ட அவரது மூட்டு 1997இல் வழக்குக்கு வந்தது.

யாருக்கு உரியது?

பூண் நிலைப்பது மரத்தின் உறுதியைப் பொறுத்தது. உளுத்த மரத்திற் பூணிட்டு என்ன பயன்? இச்சிகிச்சையில் யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை என்பதெல்லாம் இவ்வொரு கேள்வியினின்றே பெரிதும் பிறக்கின்றது.

எலும்பு உறுதியாயும் தலை பெரிதாயும் உள்ள, ஏறக்குறைய அறுபது வயதுக்குட்பட்ட, சுறுசுறுப்பான ஆண்களுக்கே இது சிறந்த பலனைத் தந்துள்ளது. எலும்பு நலிந்தோர், இரத்தவோட்டம் குன்றி எலும்புத் தலையின் பெரும்பகுதி இறந்துபோனோர், சிறுநீரகம் பழுதுற்றோர், உலோக ஒவ்வாமை உடையோர் ஆகியோர்க்கு இது ஏற்றதன்று. பெண்களின் எலும்புத் தலை பொதுவாகச் சிறிதாகையால் அவர்களிடையே தோல்வி மிகுதியாகக் காணப்பட்டது. அதனால் 2015ஆம் ஆண்டில் பேர்மிங்காம் மூட்டைத் தயாரித்த நிறுவனமே அதனைப் பெண்களுக்கும், 46 மில்லிமீற்றரும் அதற்குக் குறைந்ததுமான தலை அளவுடையோர்க்கும் பொருத்த வேண்டாமென அறிவித்தது. கருவுறும் வயதிலுள்ள பெண்கள் உலோகத்தின் பொருட்டும் விலக வேண்டியவராவர்.

உலோகத்தோடு உலோகம் உராயும்போது கோபாற்றும் குரோமியமும் நுண்ணளவில் இரத்தத்திற் கலக்கின்றன. நன்கு அமைந்த மூட்டில் இவ்வளவு சிறிது. கிண்ணம் தவறான சாய்வில் அமைந்தாலோ, விளிம்பிலே உராய்வு மிகுந்து, சூழவுள்ள தசையும் கெடும். எனவே சத்திரசிகிச்சை நிபுணரின் கைப்பழக்கம் இங்கே மிக முக்கியமாகின்றது. உலோக அளவு லீற்றருக்கு 7 மைக்குரோகிராமைக் கடந்தால் மேலும் ஆராய வேண்டுமெனப் பிரித்தானிய அதிகாரிகள் 2010இல் வழிகாட்டினர். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஏ.எஸ்.ஆர். என்னும் வகை உலகெங்கணும் மீளப் பெறப்பட்டது. அவ்வகை மேலுறை பொருத்தப்பட்டோருள் நூற்றுக்கு 12 பேரளவில் ஐந்தாண்டுகளுக்குள் மறு சிகிச்சைக்கு உள்ளானமையை இங்கிலாந்து–வேல்ஸ் மூட்டுப் பதிவேடு வெளிப்படுத்தியிருந்தது. ஒரே பெயராற் குறிக்கப்படும் சிகிச்சையிலும் கருவிக்குக் கருவி வேறுபாடு எத்துணை பெரிது என்பதை இதனால் உணரலாம்.

ஒரு விளையாட்டு வீரரின் கதை

விம்பிள்டன் போட்டியில் 2013இலும் 2016இலும் வெற்றிவாகை சூடிய டெனிஸ் வீரர் அன்டி மரேயை மாணவர்கள் அறிவர். இடுப்பு வலியால் விளையாட்டையே துறக்கும் நிலைக்கு வந்த அவர், 2019 ஜனவரி மாத இறுதியில், தமது 31ஆவது வயதில், இச்சிகிச்சைக்கு உட்பட்டார். ஐந்து மாதம் நிறையுமுன் லண்டனில் இரட்டையர் பட்டமும், அவ்வாண்டு ஒக்டோபரில் அன்ற்வேப் நகரில் ஒற்றையர் பட்டமும் வென்றார். அதன் பின்னரும் விளையாடி, 2024இற் பாரிஸ் ஒலிம்பிக் போட்டியுடன் ஓய்வு பெற்றார்.

இச்செய்தி ஊக்கம் தருவது. ஆயினும் இளமையும் உறுதியான எலும்பும் உடைய அவர், நாள்தோறும் தேர்ந்த பயிற்சியாளரின் மேற்பார்வையில் இருந்தவர் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். அவருக்கு ஐந்து மாதத்திற் கைகூடியது, அலுவலகத்தில் இருந்து வேலை செய்யும் ஒருவருக்கும் அவ்வாறே கைகூடும் என எண்ணுதல் தவறு.

தேறும் காலம்

சத்திரசிகிச்சை முடிந்த அன்றோ மறுநாளோ நோயாளியை எழுப்பி, ஊன்றுகோல்களின் துணையுடன் நடக்கச் செய்வர். கால் நாளங்களில் இரத்தம் உறையாதிருக்க மருந்து கொடுப்பர். படுத்திருக்கும்போதும் கணுக்காலை மேலுங் கீழும் அடிக்கடி அசைத்தல் வேண்டும். ஊன்றுகோல்களைச் சில வாரங்களுக்கு, நிபுணர் குறித்த நாள்வரை, கைவிடலாகாது. வாகனம் ஓட்டுதற்கு ஏறக்குறைய ஆறு வாரம் செல்லும்.

வீட்டார் செய்யவேண்டிய ஆயத்தங்கள் சில. உயரமான, கைப்பிடியுள்ள கதிரை ஒன்று வேண்டும். குந்தியிருக்கும் மலசலகூடமாயின் உயர்ந்த இருக்கைக்கு வழிசெய்ய வேண்டும். வழுக்கும் பாய்களையும் மிதியடிகளையும் அகற்றி, குளிக்கும் இடத்திற் கைப்பிடி அமைத்தல் நன்று. நிலத்திற் சம்மணமிட்டு இருத்தல், குந்துதல், குனிந்து பொருள் எடுத்தல் என்பன நம்மவர்க்கு இயல்பான பழக்கங்கள். ஆரம்ப வாரங்களில் இவை விலக்கப்படும். எப்போது மீளத் தொடங்கலாம் என்பதை நிபுணரிடமே தெளிவாகக் கேட்டறிய வேண்டும்.

இனிச் சொல்வது யாவற்றினும் முக்கியமானது. பழைய மூட்டுவலி பலருக்குச் சில வாரங்களிலேயே நீங்கிவிடும். எலும்போ அவ்வளவு விரைவிற் தேறுவதில்லை. உறையின் கீழே எஞ்சியுள்ள தொடை எலும்பின் கழுத்து, புதிய பாரத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளப் பல மாதங்கள் வேண்டும். நூற்றில் ஓரிருவருக்கு அக்கழுத்து முறிந்துவிடுகிறது. பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களுக்குள்ளேயே இது நேர்கிறது. “எனக்கு வலியே இல்லை” என்று ஓடுபவரும், பாரம் தூக்குபவரும் இக்காலத்தில் தம் எலும்பைப் பணயம் வைப்பவராவர். நடத்தலும், காயம் ஆறியபின் நீந்துதலும், நிலையான சைக்கிளை மிதித்தலும் படிப்படியாகத் தொடங்கலாம். ஓடுதலும் குதித்தலும் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை காத்திருக்கட்டும். பதறாத காரியம் சிதறாது.

கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ உண்டானாலும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சலோடு காயத்தில் நீர் கசிதல், கவட்டிற் புதிதாக வலி தோன்றுதல், காலைத் திடீரென ஊன்ற இயலாமை என்பனவும் அலட்சியத்துக்குரியன அல்ல. ஆண்டுகள் கழிந்து வீக்கமோ கிரீச்சென்னும் ஓசையோ தோன்றினும், இரத்தப் பரிசோதனையும் படப்பிடிப்பும் செய்வித்தல் வேண்டும். குறையொன்றும் இல்லாதபோதும் நிபுணர் குறிக்கும் காலந்தோறும் சென்று பார்ப்பது நன்று.

கேட்க வேண்டிய கேள்விகள்

நம்மவரிற் பலர் வைத்தியரிடம் கேள்வி கேட்பதை மரியாதைக் குறைவெனக் கருதி வாளாவிருப்பர். நல்ல வைத்தியர் கேள்வியை வெறுப்பதில்லை. என் எலும்பு இதற்கு உறுதியானதா? முழு மூட்டு மாற்றத்தை விட இது எனக்கு எவ்வகையில் மேலானது? நீங்கள் இதனை எத்தனை பேருக்குச் செய்துள்ளீர்கள்? பொருத்தப்போகும் மூட்டின் வகை யாது? அதன் நெடுங்காலப் பலனைப் பதிவேடுகள் எவ்வாறு கூறுகின்றன? இவ்வைந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, குடும்பத்தார் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

சிகிச்சை முடிந்தபின் மூட்டின் பெயர், அளவு, தொடர் இலக்கம் ஆகியவற்றைக் குறித்த அட்டையைக் கேட்டுப் பெற்று, பிறப்புச் சான்றிதழைப் போலப் பேணி வையுங்கள். பிள்ளைகளிடமும் அதன் பிரதி ஒன்று இருத்தல் நன்று. மூட்டு வகை ஒன்று மீளப் பெறப்படுமாயின், தம் உடலில் இருப்பது அதுதானா என்பதை அந்தச் சிறு அட்டையே அவர்களுக்கு உடனே சொல்லும்.