ஜாதகக் கட்டமும் சித்திரமும்

நம் வீடுகளில் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தால், மஞ்சள் தடவிய ஜாதகம் ஒன்றாவது அகப்படும். பன்னிரண்டு கட்டங்கள், அவற்றுள் கிரகங்களின் பெயர்க் குறிகள், ஓரத்தில் நெருக்கி எழுதிய கணக்குகள். விவாகப் பேச்சு எழுந்தாலொழிய அதை யாரும் விரித்துப் பார்ப்பதில்லை. அந்தக் காகிதத்திலும் ஒரு சித்திரம் இருக்கிறதென்று கண்டவர் ஸ்ரீ கே. ஸி. எஸ். பணிக்கர்.

1911-ஆம் ஆண்டு கோயமுத்தூரில் பிறந்த பணிக்கர், பாலியத்திலேயே இயற்கைக் காட்சிகளைத் தீட்டத் தொடங்கியவர். 17-ஆம் வயதில் அவருடைய படங்கள் சென்னைக் கண்காட்சியில் இடம் பெற்றன. ஆயினும் குடும்ப பாரம் அவரைத் தந்தி இலாகா உத்தியோகத்துக்கு இழுத்துச் சென்றது. பின்னர் 1936-இல், தம் 25-ஆம் வயதில், சென்னைச் சர்க்கார் கலைத் தொழிற் பள்ளியில் மாணாக்கராய்ச் சேர்ந்தார். அந்த வயதில் ஒரு பிள்ளை, "சித்திரம் கற்கப் போகிறேன்" என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை நேயர்களே ஊகிக்கலாம். பெற்றோர்களை நித்தியம் சந்திக்கும் உபாத்தியாயனான எனக்கு அதில் சந்தேகமே இல்லை!

அப்போது பள்ளியின் தலைவராய் இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌதுரி. கடற்கரையில் உழைப்பாளர் சிலையைப் பார்க்காதவர் சென்னையில் உண்டோ? அதைச் செய்தவர் அவரே. அவரிடம் பயின்ற பணிக்கர், அதே பள்ளியில் ஆசிரியரானார்; 1957-இல் குருவின் ஸ்தானத்துக்கே வந்தார். இதனிடையே 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தையும் தோற்றுவித்திருந்தார். 1954-இல் ஐரோப்பா சென்று, அங்குள்ள நவீன ஓவியங்களை நேரில் கண்டார்.

அந்தப் பயணத்திற்குப் பின்னர் ஒரு கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது. மேல்நாட்டு நவீனத்தை நகல் எடுத்தால் அது நம்முடையதாகுமா? அஜந்தாவைத் திரும்ப எழுதினாலோ அது பழங்கதை. இரண்டுக்கும் நடுவே வழி எங்கே? 1963-இல் தொடங்கிய 'சொற்களும் குறிகளும்' என்ற சித்திர வரிசைதான் அவர் கண்ட விடை. ஜாதகக் கட்டம், கணக்குப் புத்தகத்தின் எண்கள், மலையாள எழுத்தைப் போன்ற கிறுக்கல்கள், மீன், பாம்பு என்று படம் முழுவதும் நிறைந்திருக்கும். அவற்றை வாசிக்க முயன்றால் தோற்றுப்போவோம். எழுத்துப் போலத் தோன்றுவது எழுத்தாக இராது. பொருள் கேட்காமல், கோலத்தைப் பார்ப்பது போலக் கண்ணை மேயவிட்டால் அது தன் அழகைக் காட்டுகிறது. இவ்வரிசையில் எல்லாமே ஒரே உயரத்தில் நிற்கின்றன என்று நான் சொல்ல மாட்டேன். சிலவற்றில் குறிகள் அளவு மீறி நெருக்குகின்றன.

ஆனால் ஆசிரியர் என்ற முறையில் அவர் செய்த காரியமே எனக்குப் பெரிதாய்த் தோன்றுகிறது. பள்ளியை விட்டு வெளியேறும் மாணாக்கன் எப்படிச் சாப்பிடுவான்? சென்னையில் அந்நாளில் படம் வாங்குவோர் அரியர். விளம்பரக் கம்பெனியிலோ நெசவு நிலையத்திலோ வேலைக்குப் போனால், தூரிகை தூசி படிந்துவிடும். பணிக்கர் அவர்களைக் கைத்தொழிலின் பக்கம் திருப்பினார். துணியில் மெழுகிட்டுச் சாயம் ஏற்றும் பாத்திக் வேலை முதலியவற்றைச் செய்து விற்றனர். சேர்ந்த பணத்தில் சென்னைக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கம் கடலோரத்தில் மணற்காடாய்க் கிடந்த நிலத்தை வாங்கினர். 1966-இல் சோழமண்டலம் கலைக் கிராமம் உருவாயிற்று. பகலில் கைத்தொழில் அடுப்பெரிக்கும். மிச்ச நேரம் சித்திரத்துக்கு. அது ஒரு தர்மசாலையாய் இராமல், உழைப்பவர் குடியிருப்பாய் இருந்தது என்பதே அதன் பெருமை.

ஜே. சுல்தான் அலி, கே. வி. ஹரிதாசன், எஸ். ஜி. வாசுதேவ் போன்றோர் அங்கே வாழ்ந்து படைத்தனர். பணிக்கர் தலைவராயிருந்த காலத்தில் பள்ளியில் பயின்ற கே. எம். ஆதிமூலத்தை நம் வாசகர்கள் பெயர் தெரியாமலே அறிவார்கள். தமிழ்ப் புத்தகங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் அவர் வரைந்த கோட்டுச் சித்திரங்கள் எத்தனை! ஆதிமூலத்தின் கோட்டில் பணிக்கரின் சாயலைத் தேடினால் கிடைப்பது கடினம். குருவைப் போலவே வரையும் சீடர்களை உண்டாக்குவது சுலபம். அவர் அதைச் செய்யவில்லை.

பணிக்கர் 1977-ஆம் ஆண்டு ஜனவரியில் காலமானார். அவர் புதல்வர் எஸ். நந்தகோபால் சிற்பியாகி, உலோகத் தகட்டையும் கம்பியையும் கொண்டு தமக்கென ஒரு பாணி கண்டார். ஈஞ்சம்பாக்கத்து மணற்காடு மறைந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வாகனங்கள் ஓயாமல் ஓடுகின்றன. கிராமத்தின் காட்சிசாலையில் பணிக்கருடைய படங்களும் அவர் தோழர், மாணாக்கர் படங்களும் இருக்கின்றன. விடுமுறையில் மகாபலிபுரம் போகும் குடும்பங்கள் வழியில் இறங்கி ஒரு மணி நேரம் பார்க்கலாம்.