புதுநன்மை வாங்க ஒரு பிள்ளைக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

கோடை விடுமுறை வந்தால் உப்பளத்தில் கத்தோலிக்க வீடுகளில் இரண்டு வேலைகள் சேர்ந்தே நடக்கும். ஒன்று, வெள்ளை உடுப்பு தைக்கக் கொடுப்பது. இன்னொன்று, செபங்களை மனப்பாடம் செய்வது. "புதுநன்மைன்னா என்ன, எதுக்கு இவ்வளவு பயிற்சி?" என்று வேறு மத நண்பர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்காகவும், வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பிக்கொண்டிருக்கும் பெற்றோருக்காகவும் இந்தக் குறிப்பு.

கத்தோலிக்கத் திருச்சபையில் அருட்சாதனங்கள் ஏழு. பழைய ஞானோபதேசப் புத்தகங்களில் இவற்றுக்கு "தேவதிரவிய அனுமானங்கள்" என்று பெயர். ஏழில் நான்கு, பிள்ளைகள் வழக்கமாகப் பெறுபவை. திருமுழுக்கைப் பெரும்பாலும் கைக்குழந்தைக்கே கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பிள்ளை எதையும் படிக்க வேண்டாம். பாவசங்கீர்த்தனம், நற்கருணை, உறுதிப்பூசுதல் ஆகிய மூன்றுக்கும்தான் வகுப்பு. முதல்முறை நற்கருணை வாங்குவதே புதுநன்மை. அதற்கு முன்பு முதல் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். உறுதிப்பூசுதல் சில ஆண்டுகள் கழித்து வளரிளம் பருவத்தில், வழக்கமாக ஆயர் கையால் நடக்கும்.

போன வருஷம் பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் என்னிடம் ஒரு நோட்டைக் காட்டினார். மகள் ஆங்கில வழியில் படிக்கிறாள், தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். அதனால் விசுவாச மந்திரத்தை அம்மாவே ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். பிள்ளை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தது. "அர்த்தம் கேட்டா முழிக்கிறா. பரவாயில்லையா?" என்பதுதான் அவருடைய கவலை.

இந்தக் கவலைக்கு ஏறக்குறைய ஐந்நூறு வயசு. 1554-இல் லிஸ்பனில் அச்சான ஒரு சிறு செபப் புத்தகத்தில், தமிழ்ச் செபங்கள் ரோமன் எழுத்தில்தான் இருந்தன. அன்று தமிழ் எழுத்துக்கு அச்சு இல்லை. அந்த அம்மாவின் நோட்டு, தெரியாமலேயே, அந்தப் புத்தகத்தின் வாரிசு.

அதற்கும் முன்னால், 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், இரு மொழியும் கொஞ்சம் தெரிந்தவர்களை வைத்துச் செபங்களைத் தமிழாக்கினார். கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, தினம் இரண்டு வேளை சொல்லிக்கொடுத்தார். கற்றதை வீட்டில் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லித்தரும்படி பிள்ளைகளையே அனுப்பினார். ஆனால் அந்த மொழிபெயர்ப்பில் ஒரு சிக்கல் இருந்தது. விசுவாச மந்திரத்தில் "நம்புகிறேன்" என்று வர வேண்டிய இடத்தில் "வேணும்" என்று வந்திருந்தது. பிறகு சவேரியாரே தன் உடன் ஊழியர் மான்சிலாஸுக்குக் கடிதம் எழுதி, அந்தச் சொல்லை மாற்றி "விசுவாசம்" என்று வரும்படி சொல்லச் சொன்னார். யோசித்துப் பாருங்கள். அதுவரை எத்தனை பிள்ளைகள் பிசகாமல், "வேணும்" என்று ஒப்பித்திருப்பார்கள்! மனப்பாடம் சரியாக இருந்தது. சொன்ன பொருள்தான் வேறு.

இதைச் சரிசெய்யப் பெரிதும் உழைத்தவர் அன்றிக் அடிகளார். தமிழை முறையாகக் கற்று, 1578-இல் கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" என்ற 16 பக்க ஞானோபதேசத்தைத் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டார். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று நம் கைக்குக் கிடைத்திருப்பவற்றில் இதுவே மிகப் பழையது. 1580-இல் பாவசங்கீர்த்தனத்துக்கு வழிகாட்டும் நூலும் வந்தது. ஆக, தமிழ் அச்சின் தொடக்கமே அருட்சாதனத் தயாரிப்போடு பின்னிக் கிடக்கிறது.

நம்ம புதுச்சேரியிலும் இதே தேவை வேறு வடிவத்தில் வந்தது. 1844-இல் பொன்னாண்ட் ஆயர் கூட்டிய புதுவை மாமன்றம், பள்ளிக்கூடங்களுக்கும் உள்ளூர்க் குருக்களை உருவாக்குவதற்கும் அழுத்தம் கொடுத்தது. பெண்பிள்ளைகளின் கல்விக்காக அதே ஆண்டு துப்புய் அடிகளார் இங்கே ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். மிஷன் அச்சகத்தை நடத்தியவரும் அவர்தான். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குக் காதால் கேட்டதை ஒப்பிக்க மட்டுமே முடியும். வாசிக்கத் தெரிந்தால் கேள்வி கேட்கும்.

சரி, வயசு விஷயத்துக்கு வருவோம். 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம், புத்தி தெளியும் வயதை எட்டிய எல்லோரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்து, பாஸ்கா காலத்தில் நற்கருணை வாங்க வேண்டும் என்றது. அந்த வயது எது என்பதில்தான் குழப்பம். பல நாடுகளில் 10, 12, அதற்கும் மேல் என்று தள்ளிக்கொண்டே போனார்கள். "முழுசா தெரிஞ்ச பிறகு வாங்கட்டும்" என்பது காரணம். 1910 ஆகஸ்ட் 8-இல், பத்தாம் பத்திநாதர் காலத்தில் வந்த ஆணை இதை உடைத்தது. ஏறக்குறைய ஏழு வயது போதும். சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் வேறுபாடு தெரிந்து, பிள்ளைக்குரிய பக்தியோடு வந்தால் போதும். ஞானோபதேசம் முழுவதையும் அதன் பிறகு, வயதுக்குத் தக்கபடி, படிப்படியாகக் கற்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த ஆணை பிள்ளையின் பாரத்தைக் குறைத்துப் பெரியவர்களின் பாரத்தைக் கூட்டியது. 1983-இன் திருச்சபைச் சட்டமும் இதே வழிதான். பிள்ளையைத் தயாரிக்கும் கடமை முதலில் பெற்றோருக்கு, கூடவே பங்குத்தந்தைக்கு. மறைக்கல்வி ஆசிரியர் உதவிக்கு இருப்பவர். ஞாயிறு ஒரு மணி நேரம் வீட்டுக்கு ஈடாகாது.

உறுதிப்பூசுதலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் இலத்தீன் வழிபாட்டு முறையில் அது வளரிளம் பருவத்துக்கு வருவதால், படிப்பு முடிந்து வாங்கும் பட்டம் மாதிரி ஆகிவிட்டது. எண்ணெய் பூசியதும் வகுப்புக்கு டாட்டா. கேரளத்து சீரோ மலபார் முறையிலோ திருமுழுக்கோடு சேர்த்துக் குழந்தைக்கே உறுதிப்பூசுதலும் கொடுக்கிறார்கள். பழைய வரிசையும் திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், நற்கருணை என்பதுதான். அருட்சாதனம் தேர்வுக்கான பரிசு அல்ல என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டாம்.

அந்த அம்மாவுக்கு நான் சொன்னது இதுதான். ஆங்கில எழுத்தில் எழுதியது தப்பில்லை. அது ஒரு படிக்கட்டு. அதோடு நிற்க வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம் எடுத்து, "இதை உன் பேச்சில் சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். பூசையில் அப்பத்தை உயர்த்தும்போது அது என்னவென்று கேளுங்கள். பிள்ளை தன் வார்த்தையில் பதில் சொன்னால் தயாராகிவிட்டது. ஒப்பிக்கையில் திக்குகிற, சொல் மறக்கிற, மெதுவாகக் கற்கிற பிள்ளையையும் இந்த அளவுகோலால்தான் பார்க்க வேண்டும். மனப்பாடம் வரவில்லை என்று அதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளுவதற்கு 1910-இன் ஆணையில் இடமில்லை.