நீர்க் குளிரூட்டும் பொறியை நிறுத்தலும் மீள இயக்கலும்

பொறியொன்றை இயக்குதற்கு அறிவு வேண்டும் என்பதை யாவரும் ஒப்புக்கொள்வர். நிறுத்துதற்கும் அறிவு வேண்டும் என்பது பெரும்பாலும் மறக்கப்படுகின்றது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. இத்தகைய வேளைகளில், மின்னில் இயங்கும் குளிரூட்டும் பொறி ஒரு கணத்திலே நின்றுவிடுகின்றது. மின் மீண்டதும் ‘உடனே இயக்கு’ என்ற கட்டளை பிறக்கின்றது. அக்கட்டளைக்கும் பொறியின் இயல்புக்கும் இடையிலுள்ள முரண்பாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொழிற்சாலைகளில் ‘சில்லர்’ என வழங்கும் இப்பொறியில் நான்கு முக்கிய உறுப்புகள் உள்ளன. ஆவியாக்கியிலே குளிரூட்டும் பதார்த்தம் தாழ்ந்த அமுக்கத்தில் கொதித்து, நீரிலுள்ள வெப்பத்தைக் கவருகின்றது. அமுக்கி அந்த ஆவியை உறிஞ்சி உயர்ந்த அமுக்கத்துக்குக் கொணர்கின்றது. ஒடுக்கியில் அது வெப்பத்தை இழந்து திரவமாகின்றது. விரிவு வால்வினூடாக மீண்டும் ஆவியாக்கியை அடைகின்றது. 12 பாகை செல்சியஸ் அளவில் திரும்பிவரும் நீர் 7 பாகை அளவில் வெளியேறுவது வழக்கம். உறைநிலைக்கும் அந்நீருக்கும் இடைப்பட்ட தூரம் மிகக் குறுகியது என்பது ஈண்டுக் கவனிக்கற்பாலது.

குளிரூட்டும் பதார்த்தத்தின் கொதிநிலை அதன் அமுக்கத்தைப் பொறுத்தது. ஆர்-134ஏ எனப்படும் பதார்த்தத்தை எடுத்துக்கொள்வோம். தனியமுக்கம் ஏறக்குறைய 293 கிலோபாஸ்கல் ஆயின் அது 0 பாகையிற் கொதிக்கும். வளிமண்டல அமுக்கத்துக்கு இறங்கினால் −26 பாகையிற் கொதிக்கும். அவ்வேளையில் ஆவியாக்கியின் குழாய்களில் நீர் அசைவற்று நின்றால் அது உறையும். உறையும்போது நீரின் கனவளவு ஏறத்தாழ 9 சதவீதம் பெருகுதலால் குழாய் வெடிக்கும். வெடித்த குழாய் வழியே நீர் புகுந்து அமுக்கியையும் அழிக்கும். சில நிமிட அவசரம் முழுப் பொறியையுமே பலிகொள்ளலாம்.

எனவே ஒழுங்கான நிறுத்தத்திற்கு ஒரு வரிசை உண்டு. திருகமுக்கி அல்லது ஆடுதண்டு அமுக்கி கொண்டதும், நீராற் குளிர்விக்கப்படும் ஒடுக்கியுடையதுமான பொறியை இங்கு கருதுகின்றோம். முதலிற் சுமை படிப்படியாகக் குறைக்கப்படும். பின் திரவக் குழாயின் வால்வு மூடப்பட, அமுக்கி ஆவியாக்கியிலுள்ள பதார்த்தத்தை உறிஞ்சி ஒடுக்கிக்கு அனுப்பும். அமுக்கம் குறித்த எல்லைக்கு இறங்கியதும் தாழ்வமுக்க ஆளி அமுக்கியை நிறுத்திவிடும். இவ்வேளை முழுவதும் இரு நீரோட்டங்களும் ஓடிக்கொண்டிருத்தல் வேண்டும். அமுக்கி நின்ற பின்னரும் சில நிமிடங்கள் குளிர்நீர்ப் பம்பியை ஓடவிட்டே நிறுத்தல் வேண்டும். ஆவியாக்கியில் எஞ்சிய திரவம் கொதித்து அடங்குவதற்கு அந்நேரம் தேவை. பிரதான மின் ஆளியை வெட்டி நிறுத்துவது அவசர வேளைக்கு மட்டுமே உரியது.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அமுக்கியின் எண்ணெய், குளிரில் குளிரூட்டும் பதார்த்தத்தைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். இதனைத் தடுப்பதற்காக, பொறி நின்றிருக்கும்போதும் எண்ணெய் வெப்பமாக்கி எரிந்துகொண்டேயிருக்கும். மின்வெட்டு அதனையும் அணைத்துவிடுகின்றது. பதார்த்தம் கரைந்த எண்ணெயோடு அமுக்கியை இயக்கினால், அமுக்கம் திடீரென வீழ எண்ணெய் நுரைத்துப் பொங்கி வெளியேறும். தாங்கிகள் உலர்ந்து தேயும். ஆதலால் நெடுநேரம் மின்னற்றிருந்த பொறியை இயக்குமுன், வெப்பமாக்கி 12 முதல் 24 மணித்தியாலம் இயங்கியிருத்தல் வேண்டுமெனப் பொறி செய்வோர் பொதுவாக விதிக்கின்றனர். ஒவ்வொரு பொறிக்கும் அதன் கைந்நூல் கூறும் அளவே முடிவானது.

மீள இயக்கும்போது வரிசை தலைகீழாகின்றது. எண்ணெயின் மட்டத்தையும் வெப்பநிலையையும் நோக்கி, திறந்திருக்க வேண்டிய வால்வுகளைச் சோதித்து, குழாய்களிற் சிக்கிய வளியை வெளியேற்றல் வேண்டும். அதன்பின் குளிர்நீர்ப் பம்பி, ஒடுக்கிநீர்ப் பம்பி, குளிர்விக்கும் கோபுரத்தின் விசிறி என்பன இயக்கப்படும். நீர் உண்மையிலேயே ஓடுகின்றதென்பதைப் பாய்ச்சல் ஆளியும் அமுக்க வேறுபாடும் காட்டிய பின்னரே அமுக்கிக்கு முறை. முதல் சில நிமிடங்களில் எண்ணெய் அமுக்கம், உறிஞ்சல் அமுக்கம், மின்னோட்டம் ஆகியவற்றைக் கண்காணித்தல் வேண்டும்.

பாய்ச்சல் ஆளி ‘தொல்லை தருகின்றது’ எனக் கம்பியால் அதனை இணைத்துவிடும் பழக்கம் மிகவும் ஆபத்தானது. உறைதலைத் தடுக்கும் காவலனை அகற்றிவிட்டே அவ்வாறு பொறி ஓடுகின்றது. அடிக்கடி இயக்குதலும் அத்தகையதே. நேரடியாகத் தொடக்கப்படும் மோட்டர், முழுச்சுமை மின்னோட்டத்தைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கை இழுக்கும். சுருள்கள் ஆறுமுன் மீண்டும் தொடக்கினால் அவை எரியும். இரு தொடக்கங்களுக்கு இடையே காலத்தாமதம் விதிக்கப்படுவது இதனாலேயே.

பொறியின் அழிவிலும் பெரியது மனிதரின் அழிவு. திருத்த வேலைக்கு நிறுத்திய பொறியின் மின் ஆளி பூட்டப்பட்டு, சாவி வேலை செய்பவரிடமே இருத்தல் வேண்டும். ஆர்-134ஏயின் ஆவி வளியிலும் பாரமானது. கசிந்தால் அறையின் கீழ்ப்பகுதியில் தேங்கி ஒட்சிசனை விலக்கி, அறிகுறியின்றியே மூச்சைத் திணறச் செய்யும். வெளியே விட்டால் அது நூறாண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டிலும் ஏறக்குறைய 1,400 மடங்கு புவியை வெப்பமாக்கும். நின்ற கோபுர நீரிற் பக்றீரியா பெருகும். 1976இல் பிலடெல்பியா ஹோட்டலொன்றில் கூடியோரிடையே பரவிப் பலரைக் கொன்ற நோயின் காரணி 1977இல் இனங்காணப்பட்டு, லெஜியோனெல்லா எனப் பெயர் பெற்றது. நெடுநாள் நின்ற கோபுரத்தைத் துப்புரவாக்கித் தொற்றுநீக்கிய பின்னரே விசிறியை இயக்குதல் வேண்டும் என்பது அதனைப் போன்ற நிகழ்ச்சிகள் தந்த பாடமாகும்.

இவ்விதிகள் யாவும் காலத்தை வேண்டுகின்றன. உற்பத்திக் கணக்கோ காலத்தை இழப்பாகவே எழுதுகின்றது. வெப்பமாக்கிக்கு விட்ட ஒரு நாள் எந்தக் கணக்கேட்டிலும் இலாபமாகப் பதிவதில்லை. வெடித்த குழாயின் பழியோ இரவுமுறையில் நின்ற தொழிலாளியின் பெயரில் எளிதிற் பதிகின்றது. ஆகவே இயக்க விதிகள் பொறியறையிலேயே, அங்கு வேலை செய்வோர் வாசிக்கும் மொழியில் தொங்குதல் வேண்டும். ‘இன்னும் ஆகவில்லை, இயக்கமாட்டேன்’ என்று சொல்லும் உரிமையும் அவர்க்கு எழுத்தில் உறுதிப்படுத்தப்படல் வேண்டும். அவ்வுரிமை இல்லாதவிடத்து, பாதுகாப்பு விதி சுவரில் ஒட்டிய காகிதமேயன்றி வேறன்று.