ஆயாம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்!

நெய்வேலியில் ரிட்டயராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, பண்ருட்டிப் பக்கம் வீடு கட்டிக்கொண்டவர்கள் நிறைய. இன்று அவர்களுக்கு எழுபத்தைந்து, எண்பது வயது. பிள்ளைகளோ வெளியூரில், வெளிநாட்டில். “நல்ல முதியோர் இல்லமா ஒண்ணு சொல்லுங்க டாக்டர்” என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள்.

இல்லத்தைப் பார்க்கப் போனால் எதைப் பார்க்கிறோம்? டைல்ஸ் தரை, டி.வி., தோட்டம். மேனேஜரிடம் பேசிவிட்டுத் திரும்பிவிடுகிறோம். ராத்திரி உங்கள் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்கப்போவது மேனேஜர் இல்லை, ஆயாம்மா! அவரிடம் பேசினீர்களா?

பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தில், குண்டலப்புலியூர் அன்பு ஜோதி ஆசிரமம் 2023 பிப்ரவரியில் செய்தியானது நினைவிருக்கும். அங்கே சேர்த்த முதியவரைக் காணோம் என்று உறவினர்கள் புகார் கொடுத்த பிறகே விஷயம் வெளியே வந்தது. உரிய உரிமம் இல்லாதது தெரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. புகார் வரும்வரை காத்திருக்காமல், உள்ளே வேலை பார்ப்பவர்களை முன்கூட்டியே கேட்பது நல்லதல்லவா?

அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு நிறுவனம் 2008-ல் இதற்கென்றே ஒரு கேள்வித்தாள் வெளியிட்டது. பதில் எழுத வேண்டியவர்கள் இல்லத்தின் ஊழியர்கள். ஆள் போதுமா, தவறு நடந்தால் பழி உங்கள் மேல் விழுமா, குறையை வாய்விட்டுச் சொல்ல முடியுமா என்றெல்லாம் அதில் கேட்கிறார்கள்.

பழிக்கும் உடம்புக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது! பாத்ரூமில் பாட்டி வழுக்கி விழுகிறார். சொன்னால் சம்பளம் பிடிப்பார்கள் என்று ஆயா மறைத்துவிடுகிறார். வெளியே காயமில்லை. ஆனால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு மண்டைக்குள் மெல்லக் கசிந்து, சில வாரம் கழித்துக்கூட மயக்கம் வரலாம். படுக்கைப் புண்ணும் இப்படித்தான். இடுப்பில் சிவந்த அன்றே சொன்னால், அடிக்கடி புரட்டிப் போட்டே காப்பாற்றிவிடலாம். மறைத்தால் குழிப்புண்!

நீங்கள் கேட்க வேண்டியவை:

1. ராத்திரி எத்தனை பேருக்கு ஓர் ஆள்?

2. டூட்டி மாறும்போது விவரம் எழுதி வைக்கிறீர்களா?

3. கடைசியாக யார் விழுந்தார்கள்? பிறகு என்ன மாற்றினீர்கள்? (“இங்கே யாருமே விழுந்ததில்லை” என்றால் உஷார்!)

4. உங்கள் அம்மாவை இங்கே சேர்ப்பீர்களா?

பதிலைவிட, சொல்லும்போது ஆயாம்மா மேனேஜர் முகத்தைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். பதிவுச் சான்றையும் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் பங்கும் உண்டு. சூரணம், லேகியம் எது கொடுத்தாலும் ஆங்கில மருந்துகளோடு சேர்த்து எழுதிக் கொடுங்கள். உள்ளங்காலில் எண்ணெய் தேய்த்தால், துடைத்த பிறகே நடக்க விடச் சொல்லுங்கள். அம்மா விழுந்ததாக ஆயா போன் செய்தால், சத்தம் போடாமல் முதலில் “சொன்னதுக்கு நன்றிம்மா” என்று சொல்லுங்கள். அடுத்த தடவையும் அவர் மறைக்காமல் சொல்வார்.

சந்தேகம் வந்தால், முதியோர் உதவி எண் 14567. கட்டணம் கிடையாது.