எழுந்து நிற்கும் அந்தச் சில நொடிகள்

டீ டம்ளரைக் கையில் வாங்கியதுமே பெரியப்பா ஆரம்பித்துவிட்டார். "காலையில கட்டிலை விட்டு எழுந்தா கண்ணு இருட்டிக்கிட்டு வருது. நேத்து பார்த்தா பிரஷர் 120-க்கு 80. மாத்திரைய நிறுத்திடலாம்தானே?"

ஒரே மூச்சில் கேட்டாலும் அவை இரண்டு கேள்விகள். இரண்டுக்கும் உடம்பில் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு வேறு.

முதலில் கண் இருட்டுவது. படுத்திருப்பவர் எழுந்து நின்றால் அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் கால்களுக்கும் அடிவயிற்றுக்கும் இறங்கித் தேங்கும். இதயத்துக்குத் திரும்பி வருவது குறையும், அது வெளியே தள்ளுவதும் குறையும், அழுத்தம் சரியும். இது எல்லாருக்கும், எழுகிற ஒவ்வொரு முறையும் நடக்கிறது. நமக்குத் தெரியாமல் அதைச் சரிக்கட்டும் ஆள் கழுத்தில் இருக்கிறான்.

தாடைக்குக் கீழே நாடி துடிக்கும் இடத்தை என் கழுத்தில் காட்டினேன். (வயதானவர்கள் அந்த இடத்தை அழுத்திப் பார்க்கக் கூடாது, சிலருக்கு அதனாலேயே மயக்கம் வரும்.) தலைக்குப் போகும் தமனி அங்கே இரண்டாகப் பிரிகிறது. பிரியும் இடம் லேசாகப் புடைத்திருக்கும். அந்தச் சுவருக்குள் நரம்பு நுனிகள் இருக்கின்றன. சுவர் எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு வேகமாக அவை மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குச் செய்தி அனுப்பும். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவிலும் இதே போன்ற நுனிகள் உண்டு. அழுத்தம் சரிந்தால் சுவர் தளரும், செய்தி மெலியும். அந்த மெலிவே முகுளத்துக்கு எச்சரிக்கை. இதயத்தை அடக்கிவைத்திருக்கும் வேகஸ் நரம்பின் பிடியைத் தளர்த்துகிறது. ஓரிரு துடிப்புக்குள் நாடி வேகமெடுக்கிறது. இன்னொரு நரம்புக் கூட்டம் நார்அட்ரினலினைச் சுரந்து சிறு தமனிகளை இறுக்குகிறது. இறுக்கம் முழுதாக வர இன்னும் சில நொடி ஆகும்.

வயது ஏற ஏறத் தமனிச் சுவர் விறைத்துப்போகும். விரிந்து தளர முடியாத சுவர் என்ன செய்தி சொல்லும்? சில மாத்திரைகளும் இந்த வேலையை மந்தமாக்கும். "அதான் உங்களுக்கு அந்தச் சில நொடி இருட்டுது. கட்டில் ஓரத்துல ஒரு நிமிஷம் உட்கார்ந்து, காலை ஆட்டிட்டு எழுந்திருங்க," என்றேன்.

இரண்டாவது கேள்விதான் எனக்குக் கவலை தந்தது.

கழுத்து நரம்புக்கு ஒரு பெரிய குறை உண்டு. மாற்றத்தைத்தான் அது சொல்லும். அழுத்தம் 160-இல் போய் நின்றுவிட்டால் ஓரிரு நாளில் அதையே சரியான அளவாக எடுத்துக்கொண்டு, அதற்குக் காவல் நிற்கத் தொடங்கிவிடும். பிரஷர் இருக்கிற பலருக்கு உடம்பில் ஒரு தொந்தரவும் தெரியாது. "எனக்கு ஒண்ணும் செய்யலையே" என்ற வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது.

வருஷக் கணக்கில் அளவை வைத்திருப்பது சிறுநீரகம். ஒரு நாளில் 180 லிட்டர் அளவுக்கு வடிகட்டி, ஒன்றரை லிட்டர் சொச்சம் போக மீதியை ரத்தத்துக்கே திருப்பித் தருகிறது. அழுத்தம் ஏறினால் உப்பையும் நீரையும் கூடுதலாக வெளியேற்றும். குறைந்தால் ரெனினைச் சுரக்கும். அதன் வேலையால் ஆஞ்சியோடென்சின் பிறக்கும். அது தமனியை இறுக்கும், தாகத்தைக் கூட்டும், ஆல்டோஸ்டிரோன் வழியாக உப்பைப் பிடித்துவைக்கும். தின்ற உப்பை வெளியேற்ற எந்த அழுத்தம் தேவைப்படுகிறதோ அங்கேதான் உடம்பின் அளவு நிற்கும் என்பது மிசிசிப்பியில் ஆர்தர் கைட்டன் ஆயுள் முழுக்க வாதிட்ட கருத்து. அதே உப்புக்குக் கூடுதல் அழுத்தம் கேட்கும்படி சிறுநீரகம் மாறிவிட்டால், உடம்பு அந்தக் கூடுதலையே கட்டிக்காக்கும்.

பெரியப்பாவின் மாத்திரைப் பெயர் 'பிரில்' என்று முடிகிறது. பிரேசிலின் ஜராராகா என்ற விரியன் பாம்பின் விஷத்தை ஆராய்ந்ததிலிருந்து கிடைத்த தடம் அது. அந்த வகையில் முதலாவதான கேப்டோபிரில் 1981-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆஞ்சியோடென்சின் உருவாவதை இந்த மாத்திரை குறைக்கிறது. சிறுநீரகத்தின் பழைய கணக்கு மாறிவிடவில்லை. தினமும் மாத்திரை குறுக்கே நிற்கிறது, அவ்வளவுதான். நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு அழுத்தம் மெல்லப் பழைய இடத்துக்கே ஏறிவிடும். ஏறுவதைக் கழுத்து நரம்பு சொல்லாது.

"அப்போ கண்ணு இருட்டுறது?"

"அதை டாக்டர்கிட்ட சொல்லுங்க பெரியப்பா. படுக்க வெச்சு ஒரு தடவை, எழுந்து நின்ன மூணு நிமிஷத்துக்குள்ள ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க. மேல் எண் 20 குறைஞ்சா மாத்திரை அளவையோ நேரத்தையோ அவரே மாத்துவார். நீங்களா நிறுத்தாதீங்க."

தலையாட்டிவிட்டு, இப்போதே ஒரு தடவை பார்த்துவிடலாமா என்று மிஷினைத் தேடினார். டீ குடித்த கையோடு பார்க்க வேண்டாம் என்றேன். அரை மணி நேரம் போகட்டும். பிறகு சாய்ந்து உட்கார்ந்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து அளந்தால்தான் அந்த எண்ணை நம்பலாம்.