ஆஸ்திரேலியாவில் உரிமை, பாக் விரிகுடாவில் குற்றம்: கடல் பசு வேட்டையில் எது நியாயம்?

வருஷம் தவறாமல் ஒரு வீடியோ நம் டைம்லைனுக்கு வந்துவிடும். கரையோரக் கடல் முழுக்க ரத்தச் சிவப்பு, இடுப்பளவு தண்ணீரில் ஆட்கள், வரிசையாகக் கிடக்கும் திமிங்கலங்கள். இடம், வட அட்லாண்டிக்கில் இருக்கும் ஃபாரோ தீவுகள். கமென்ட் பகுதியும் மாறவே மாறாது: "இவங்கல்லாம் மனுஷங்களா?" 2021 செப்டம்பர் 12 அன்று அங்கே ஒரே நாளில் 1,428 டால்பின்கள் கொல்லப்பட்டபோது ஃபாரோ மக்களிலேயே பலர் அதிர்ந்துபோனார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு, வருஷத்துக்கு 500 டால்பின்கள்தான் என்று அரசு வரம்பு வைக்க வேண்டி வந்தது. வேட்டை மட்டும் நிற்கவில்லை. "இது எங்கள் பாரம்பரியம், எங்கள் உணவு" என்பதுதான் அவர்கள் பதில்.

'பாரம்பரியம்' என்ற அந்த வார்த்தையை நாமும் உரக்கச் சொன்னவர்கள்தான். 2017 ஜனவரியில் மெரினாவிலும் ஊர் ஊரான மைதானங்களிலும் செல்போன் டார்ச்சோடு உட்கார்ந்திருந்த தலைமுறை இது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஜல்லிக்கட்டுச் சட்டத் திருத்தம் செல்லும் என்று சொன்னபோது ஸ்டேட்டஸ் வைத்தவர்களும் நாம்தான். ஜல்லிக்கட்டில் மாட்டைக் கொல்வதில்லை, திமிங்கல வேட்டையின் நோக்கமே கொல்வதுதான். இந்த வித்தியாசம் சின்னதில்லை. ஆனாலும் 'எங்க ஊர் வழக்கம், வெளியூர்க்காரன் பேசாதே' என்ற வாதம் நமக்குச் செல்லும், ஃபாரோகாரருக்குச் செல்லாது என்றால், ஏன் என்று ஒரு காரணம் சொல்லத்தான் வேண்டும்.

அந்தக் காரணத்தைத் தேட ஃபாரோ வரைக்கும் போக வேண்டியதில்லை. அதிராம்பட்டினம் வரை போனால் போதும்.

நம்ம ஊரில் யார் வேட்டையாடினார்கள்?

தமிழகக் கடற்கரையில் திமிங்கல வேட்டை ஒரு தொழிலாக இருந்ததில்லை. கரை ஒதுங்கும் திமிங்கலத்தைத் திரும்பக் கடலுக்குள் தள்ளப் பார்ப்பதுதான் நம் பக்கத்து வழக்கம். 2016 ஜனவரியில் திருச்செந்தூர் அருகே 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் கரையேறியபோது மீனவர்கள் விடிய விடிய அதைத்தான் செய்தார்கள். தள்ளிவிட்டவற்றில் சில திரும்பவும் கரைக்கே வந்தன. 40-க்கும் மேல் இறந்துபோயின.

ஆனால், அதே கடலின் இன்னொரு பாலூட்டிக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. மீனவர்கள் 'ஆவுளியா' என்று சொல்லும் கடல் பசு அது. திமிங்கலம், டால்பின் இரண்டுக்கும் சொந்தம் இல்லை, யானைக்குத்தான் தூரத்துச் சொந்தம். ஆழம் குறைந்த கடலில் வளரும் கடற்புல்தான் இதன் சாப்பாடு. ஒரு நாளைக்கு 30 முதல் 40 கிலோ வரை மேயும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும்.

ராமநாதபுரம் கரையிலும் பாக் விரிகுடாவை ஒட்டிய ஊர்களிலும் பல தலைமுறைகளாக ஆவுளியாவைப் பிடித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். ஆட்டுக்கறியைவிட ருசி என்று பேர். எண்ணெய் மருந்துக்கு ஆகும், கறி ஆண்மைக்கு நல்லது என்ற நம்பிக்கையும் கூடவே இருந்தது (நம்ம ஊரில் அருகிப்போகிற எந்த உயிரினத்துக்குத்தான் இந்த 'நம்பிக்கை' இல்லை!). எதிரே இலங்கையின் மன்னார்ப் பக்கமும் இதே கதை. 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கடல் பசுவை, புலிக்கும் யானைக்கும் கொடுத்த அதே முதல் அட்டவணையில் வைத்தது. கொன்றால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. சட்டம் வந்த பிறகும் பல காலம் கறி மறைவாகக் கைமாறிக்கொண்டுதான் இருந்தது.

அதே மிருகம், அங்கே உரிமை

ஆஸ்திரேலியாவுக்கும் பப்புவா நியூ கினிக்கும் நடுவில் டோரஸ் நீரிணை இருக்கிறது. உலகத்திலேயே கடல் பசுக்கள் அதிகம் வாழும் இடம். அங்கே வசிக்கும் தீவு மக்கள் கடல் பசுவை வேட்டையாடலாம். 1993-ல் வந்த பூர்வகுடி நில உரிமைச் சட்டத்தின் 211-வது பிரிவு அதை அனுமதிக்கிறது. நிபந்தனை, வீட்டுத் தேவைக்கோ சமூகத் தேவைக்கோ மட்டும்தான், விற்கக் கூடாது. கல்யாணம், கருமாதி எதுவானாலும் அந்தக் கறி இல்லாமல் விருந்து முழுமை அடையாது என்பார்கள்.

ஒரே உயிரினம். ஒரே மாதிரி வலி. ஒரு கடலில் உரிமை, இன்னொரு கடலில் ஜெயில். இது அநியாயம் இல்லையா என்று கேட்கத் தோன்றும்.

அட, இந்தியச் சட்டத்துக்குள்ளேயே இப்படி ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதே 1972 சட்டத்தின் 65-வது பிரிவு, நிக்கோபார் தீவுகளின் பழங்குடிகளுக்கு ஏற்கெனவே இருந்த வேட்டை உரிமையை இந்தச் சட்டம் பாதிக்காது என்கிறது. இத்தனைக்கும் அந்தமான் நிக்கோபாரின் மாநில விலங்கே கடல் பசுதான். உலக அளவிலும் இப்படித்தான். சர்வதேச திமிங்கல ஆணையம் 1982-ல் வணிக வேட்டைக்குத் தடை போட்டபோது, அலாஸ்கா, கிரீன்லாந்து, ரஷ்யாவின் சுகோட்கா போன்ற இடங்களின் பூர்வகுடிகளுக்கு மட்டும் 'வாழ்வாதார வேட்டை' என்று தனியாக ஒரு கதவைத் திறந்து வைத்தது. இந்த ஏற்பாடு தனக்கு ஒத்துவரவில்லை என்று ஜப்பான் 2019-ல் ஆணையத்தைவிட்டே வெளியேறி, வணிக வேட்டையை மறுபடி தொடங்கிவிட்டது.

அப்படியானால் எதை வைத்துத்தான் பிரிக்கிறார்கள்? வேறு சாப்பாடு கிடைக்குமா, பணத்துக்கா பசிக்கா, எத்தனை மிச்சம் இருக்கிறது என்கிற மூன்று கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. இந்தோனேசியாவின் லாமலேரா கிராமத்தில் இன்றும் கை ஈட்டியோடு படகிலிருந்து குதித்து ஸ்பெர்ம் திமிங்கலத்தைக் குத்துகிறார்கள். வறண்ட மண், பயிர் சரியாக விளையாது. கறியை ஊருக்குள் பங்கு போட்டு, மலைக் கிராமங்களுக்குக் கொண்டுபோய் மக்காச்சோளத்துக்கு மாற்றிக்கொள்கிறார்கள். இவர்களையும் சூப்பர் மார்க்கெட் வைத்திருக்கும் ஃபாரோவையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மூன்று கேள்விகளில் கடைசிக் கேள்விதான் பாக் விரிகுடாவின் கதையை முடிவு செய்கிறது. இந்தியாவில் மிச்சம் இருக்கும் கடல் பசுக்கள் சுமார் 240 என்பது தமிழக அரசின் கணக்கு. அதில் பெரும்பகுதி பாக் விரிகுடாவில். ஒரு அபார்ட்மென்ட்டில் குடியிருப்பவர்களைவிடக் குறைவு.

இது 70 ஆண்டு வரை வாழக்கூடிய விலங்கு. குட்டி போடும் பருவத்துக்கு வரவே பல ஆண்டுகள் ஆகும். கர்ப்பம் ஒரு வருஷத்துக்கும் மேல். ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் மூன்றிலிருந்து ஏழு ஆண்டு இடைவெளி. எல்லாமே சாதகமாக இருந்தாலும் ஒரு கூட்டம் வருஷத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் பெருகாது என்கிறார்கள் ஆய்வாளர்கள். 240-ல் 5 சதவீதம், 12. வேட்டை இல்லை, வலை இல்லை, படகு அடிபடவில்லை, புல் செழிப்பாக இருக்கிறது என்றால்தான் இந்த 12-ம். ஊருக்கு ஒன்று என்று திருவிழாவுக்குப் பிடித்தால்கூட கணக்கு மைனஸில் போய்விடும்.

டோரஸ் நீரிணையில் இருப்பது ஆயிரக்கணக்கில். அங்கே தாங்குவது இங்கே தாங்காது. ஆஸ்திரேலியாவிலேயே, எண்ணிக்கை சரிந்த கிழக்குக் கரைப் பகுதிகளில் சில பூர்வகுடிக் குழுக்கள், உரிமை இருந்தும் வேட்டையை வேண்டாம் என்று தாங்களாகவே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எனக்கு இதில் பிடித்த விஷயம், தடை மேலிருந்து வரவில்லை.

இன்னொரு உதாரணமும் இருக்கிறது. கடல் பசுவின் பெரிய அண்ணன் ஒன்று இருந்தது, ஸ்டெல்லர் கடல் பசு. பேரிங் கடலில் 1741-ல்தான் ஐரோப்பியர்கள் முதலில் அதைப் பார்த்தார்கள். 1768-க்குள் ஒன்றுகூட மிச்சமில்லை. இருபத்தேழே வருஷம்.

ஆக, 'தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டோம்' என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தாத்தா காலத்துக் கடலில் இருந்த எண்ணிக்கை இப்போது இல்லை. பாரம்பரியத்தின் பாதி அந்த மிருகம்தான். அது போனால் பாரம்பரியமும் கூடவே போகும்.

குற்றவாளி ஈட்டி மட்டும்தானா?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. இன்று ஆவுளியா சாவது பெரும்பாலும் வேட்டையால் இல்லை. திருக்கைக்குப் போட்ட வலையில் மாட்டி, மூச்சு வாங்க மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகிறது. விசைப்படகின் இழுவைமடி கடற்புல்லை வேரோடு வாரிக்கொண்டு போகிறது. டால்பின் விஷயத்தில் இது இன்னும் பட்டவர்த்தனம். 1950 முதல் 2018 வரை இந்தியப் பெருங்கடலில் சூரை மீனுக்குப் போட்ட செவுள் வலைகளில் சிக்கியவை சுமார் 41 லட்சம் டால்பின்களும் சிறு திமிங்கலங்களும் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. உச்சத்தில் இருந்த 2004-06 காலத்தில் வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு லட்சம். ஃபாரோ எண்ணிக்கை இதன் பக்கத்தில் நிற்கக்கூட முடியாது. ஆனால் வலையில் சாவது ரத்தச் சிவப்பாகத் தெரியாது, வீடியோ வராது, டுனா டின்னில் படமும் இருக்காது.

2013-ல் மத்திய அரசு டால்பின் காட்சிக் கூடங்களுக்கு அனுமதி இல்லை என்று அறிவித்தபோது, இவற்றை 'மனிதரல்லாத நபர்கள்' என்று பார்க்க வேண்டும் எனச் சில அறிஞர்கள் சொல்வதையும் சுற்றறிக்கையில் குறிப்பிட்டது. கேட்க அருமையாக இருந்தது. டிக்கெட் வாங்கி டால்பின் பார்ப்பதைத் தடுப்பது சுலபம், வலையை மாற்றுவதுதான் கஷ்டம்.

இதில் நெய்வேலிக்கு என்ன வேலை?

இந்தக் கட்டுரையை எழுதுவது நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்து. கடலூர் துறைமுகத்து மீன் காலையில் மெயின் பஜாருக்கு வந்துவிடும், கடல்தான் கண்ணுக்குத் தெரியாது. இங்கே உட்கார்ந்து மல்லிப்பட்டினத்து மீனவருக்கு 'உங்க பழக்கம் கொடூரம்' என்று பாடம் எடுக்கும்போது ஒரு நெருடல் வருகிறது. இந்த ஊரே 1956-ல் தொடங்கிய நிலக்கரி நிறுவனத்துக்காக, நெல்லும் முந்திரியும் விளைந்த கிராமங்களை நகர்த்தி உருவானது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் தோண்ட, கதிர் விட இருந்த நெல் மீதே இயந்திரம் இறங்கியதை நாம் பார்த்தோம். அங்கே விவசாயம் பாரம்பரியம் இல்லையா என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. 'நாட்டின் தேவை' என்ற ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

பழுப்பு நிலக்கரி விடும் கார்பன் கடலைச் சூடாக்குகிறது, சூடான கடல் கடற்புல்லுக்கு ஆகாது. அதே கடற்புல்தான் கார்பனை மண்ணுக்குள் பிடித்துவைக்கும் இயற்கையின் லாக்கர். ஏசி ஓடுவதற்காக நாம் செய்வதை யாரும் 'வேட்டை' என்று சொல்வதில்லை. அதனால் ஆவுளியாவைக் கொல்லலாம் என்று அர்த்தம் இல்லை. ஆனால் செலவை ஏற்க வேண்டியவர் வலை போடுகிறவர் மட்டும்தான் என்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை?

இப்போது என்ன நடக்கிறது?

2022 செப்டம்பர் 21 அன்று தமிழக அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே முதல். மீன்பிடிக்கப் புதிதாகத் தடை எதுவும் வராது என்ற உறுதியோடுதான் அறிவித்தார்கள். அது இல்லாமல் ஊர்க்காரர்கள் ஒத்துழைத்திருக்க மாட்டார்கள். வலையில் சிக்கிய ஆவுளியாவை உயிரோடு விடும் மீனவருக்கு வனத்துறை 10,000 ரூபாய் வரை வெகுமதி தருகிறது, மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கடல் பசு பெயரில் கல்வி உதவித்தொகையும் உண்டு. ஒரு காலத்தில் கறிக்காகப் பிடித்த அதே கரையில் இப்போது வலையை அறுத்துக் கடல் பசுவை விடும் வீடியோக்கள் வருகின்றன. ஃபாரோ வீடியோ அளவுக்கு வைரல் ஆகவில்லை, அவ்வளவுதான்.

அந்த வெகுமதியில் ஒரு கணக்கு இடிக்கிறது. முந்நூறு, நானூறு கிலோ எடையுள்ள விலங்கு வலைக்குள் துள்ளினால் வலை கந்தல். அறுத்து விட்டாலும் கந்தல்தான். அன்றைய பாடும் போச்சு, டீசலும் போச்சு. நஷ்டம் பத்தாயிரத்தைத் தாண்டும் ராத்திரியில், கரையிலிருந்து யாரும் பார்க்காத தூரத்தில், அந்தப் படகில் இருப்பவர்தான் முடிவு எடுக்க வேண்டும். அறுந்த வலையின் முழு விலையையும் அரசு கொடுக்க வேண்டும், அதுவும் அதே வாரத்தில்.