ஏலம் கூறலும் ஏலம் கேட்டலும்: குன்னூர்த் தேயிலைச் சந்தையில் நேர்ந்த மாற்றங்கள்

தமிழில் 'ஏலம்' என்னும் சொல் இரண்டு உண்டு. ஒன்று நறுமணப் பொருளொன்றைக் குறிப்பது, பழந்தமிழிலேயே வழங்குவது. மற்றொன்று, பலர் விலை கேட்க, அவருள் மிகுதியாகக் கேட்டவர்க்குப் பொருளைத் தரும் விற்பனை முறையைக் குறிப்பது. இது போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்து திரிந்தது என்பர். சொல் அயலதாயினும், அதனொடு சேர்ந்து வரும் வினைகள் நம்முடையன. விற்போன் ஏலம் கூறுகிறான். வாங்குவோன் ஏலம் கேட்கிறான். 'ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்' என எண்ணி ஏலம் முடிக்கப்பெறுகிறது. ஆகவே, தமிழ் வழக்கில் ஏலம் என்பது வாயாலும் செவியாலும் நிகழும் ஒரு செயலாகும். வாய்க்கும் செவிக்கும் இடமின்றிக் கணிப்பொறித் திரையிலேயே அது நிகழுமாயின் விளைவது யாது என்பதை, நீலகிரி மாவட்டத்துக் குன்னூர்த் தேயிலை ஏலத்தைக் கொண்டு ஈண்டு விளக்குவாம்.

ஏலமுறை மாறுவது தேயிலை வாணிகத்திற்குப் புதிதன்று. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியார் இலண்டனில் மெழுகுவத்தியைக் கொளுத்தி வைத்து ஏலம் நடத்தினர். குறித்த அளவு எரிந்ததும் விற்பனை முடிந்ததாகக் கொள்ளப்பட்டது. பின்னர் மெழுகுவத்தியின் இடத்தைச் சுத்தியல் பெற்றது. அவ்விலண்டன் ஏலமே 1998-இல் நின்றுவிட்டது. இந்தியாவில் கல்கத்தாவில் 1861-இலும், கொச்சியில் 1947-இலும் தொடங்கிய ஏலம், குன்னூருக்கு 1963-இல் வந்தது.

குன்னூர் மண்டபத்தில் நிகழ்ந்ததைச் சற்று உற்றுநோக்குதல் வேண்டும். தொழிற்சாலைகள் தேயிலைத்தூளை மூட்டைகளாகக் கட்டிக் கிடங்குக்கு அனுப்பும். தரகர் அவற்றினின்று மாதிரி எடுத்து வணிகர்க்கு அனுப்புவர். தாமும் சுவைத்துப் பார்த்து, இத்துணை விலை பெறும் என மதிப்பிட்டுப் பட்டியல் வெளியிடுவர். ஏல நாளன்று தரகர் மேடையிலிருந்து விலை கூற, எதிரே வரிசையாக அமர்ந்த வணிகர் கேட்பர். ஒரு தொகுதி சில நொடிகளில் விலைபோய்விடும். எவர் கேட்கிறார், எவர் தயங்குகிறார், எந்தப் பெருநிறுவனத்தின் ஆள் இன்று வாய் திறக்கவில்லை என்பன அனைத்தும் அவையறிந்த செய்திகள். ஒருவர் எடுத்த தொகுதியில் அருகிலிருப்பவர் பங்கு கேட்டுப் பெறுவதும் உண்டு. நம் மாட்டுச் சந்தைகளில் தரகர் துண்டுக்குள் கைவிட்டு விரல் தொட்டு விலை பேசும் வழக்கத்தை இதனோடு ஒப்பிடின் வேறுபாடு விளங்கும். துண்டுக்குள் பேசிய விலை இருவர்க்கே தெரியும். மண்டபத்தில் கூறிய விலையோ அனைவர்க்கும் தெரியும்.

ஆயினும் அவையறிந்த விலை நேரிய விலையாகவே இருக்கும் என்பதற்கில்லை. ஒருவரையொருவர் நன்கறிந்த சிலர், போட்டியிடாமல் ஒத்துப்போதலும் கூடும் என்ற ஐயம் விற்போர்க்கு நெடுநாளாக இருந்தது. தேயிலை வாரியத்தின் பொருட்டு ஏ. எஃப். பெர்குசன் நிறுவனம் 2002-இல் அளித்த அறிக்கை, ஏலமுறையைச் சீர்திருத்த வேண்டும் என்றது. குன்னூரில் 'டீசர்வ்' என்னும் மின்வழி ஏல அமைப்பு 2003-இல் தோன்றியது. கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் தூளுக்கு அது ஒரு புது வாயில் ஆயிற்று. தேயிலை வாரியத்தின் மின்வழி ஏலம் 2008-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பல மையங்களுக்கும் பரவியது. 2016 சூன் திங்களில் அது அனைத்திந்திய ஏலமாக விரிந்தது. ஒரு மையத்தில் பதிவுபெற்ற வணிகர் எம்மையத்திலும் கேட்கலாம் என்ற நிலை வந்தது. அதன்பின்னரும் தளம் மாறிற்று. விலை காணும் விதியும் 'பாரத் ஏலம்' என்னும் பெயரால் மாறிற்று.

ஒவ்வொரு மாற்றத்திற்கும் முணுமுணுப்பு எழுந்தது. திரை மெதுவாக நகர்கிறது, ஒருநாள் வேலை இருநாள் ஆகிறது என்பது ஒன்று. பங்கு கேட்கும் வழக்கம் கெடுகிறது என்பது மற்றொன்று. சிறுவணிகர்க்கு இது வெறும் பழக்கத்தின் பாற்பட்டதன்று. முழுத் தொகுதியையும் வாங்கப் பணமில்லாதவர் பங்கினாலேயே சந்தையில் நிலைத்தனர். மண்டபத்தில் ஒரு தலையசைப்பில் முடிந்த இக்காரியத்திற்கு, எத்துணைப் பேர் பகிரலாம், எவ்வளவு பகிரலாம் என விதி எழுத வேண்டியதாயிற்று. கேட்போர் பெயர் திரையில் மறைந்திருப்பது மூன்றாவது குறை. விற்போர் எதனை மருந்து என்றனரோ, அதனையே வாங்குவோர் நோய் என்றனர்.

இம்முணுமுணுப்புகளைப் பழமைப்பற்று என ஒதுக்குதல் பொருந்தாது. வேகம் பற்றிய குறை பொறியைப் பற்றியதுதான். அது காலப்போக்கில் தணியும். ஏனைய இரண்டும், யார் எதனை அறியலாம் என்பது பற்றியவை. (பெயரைத் திரை மறைத்தாலும், குன்னூர் போன்ற சிற்றூரில் கைபேசியை யார் மறைப்பது என்று கேட்பாரும் உளர்.) கொழும்பில் 1883 முதல் குரலால் நடந்த ஏலம், 2020 ஏப்பிரலில் கொள்ளைநோயின் ஊரடங்கில் சில நாட்களிலேயே திரைக்கு மாறியது. நெருக்கடி வந்தபோது, பல்லாண்டு வாதங்கள் அங்கே ஒரு கிழமையில் முடிந்தன. குன்னூரில் அவ்வாறன்றி ஒவ்வொரு படியும் வழக்காடியே கடக்கப்பட்டது.

இவ்வழக்கில் குரல் இல்லாத ஒருவர் உளர். அவர் பசுந்தேயிலை பயிரிடும் சிறு விவசாயி. 10.12 எக்டேர் வரை தோட்டமுடையாரைத் தேயிலை வாரியம் சிறு விவசாயி என்கிறது. நீலகிரியில் பலர்க்கு ஓரிரு ஏக்கரே உண்டு. பறித்த இலையைச் சேமிக்க இயலாது. அன்றே தொழிற்சாலைக்குப் போதல் வேண்டும். அவ்விலை தூளாகி ஏலம் போனபின், அத்திங்களின் சராசரி ஏல விலையைக் கொண்டே இலைக்குரிய குறைந்த அளவு விலை கணிக்கப்படுகிறது. தூளின் விலையில் நூற்றுக்கு 65 பங்கு இலை தந்தவர்க்கு, 35 பங்கு தொழிற்சாலைக்கு என்பது வாய்பாடு. ஒரு கிலோ தூளுக்கு நான்கு கிலோ இலை வேண்டும் எனக் கொள்வோம். ஏல விலை கிலோவுக்கு 100 ரூபாயாயின், விவசாயியின் பங்கு 65 ரூபாய். இலை ஒரு கிலோவுக்கு 16 ரூபாய் 25 காசு. ஏல விலை 4 ரூபாய் வீழின், இலை விலை 65 காசு வீழும். திரையின் ஒரு விதி மாறிச் சராசரி சிறிது அசைந்தாலும், அது இவ்வாய்பாட்டின் வழியே மலைச்சரிவிலுள்ள தோட்டத்தை எட்டிவிடுகிறது.

மண்டபத்திலும் அவர்க்கு இருக்கை இல்லை. திரையிலும் அவர்க்குக் கணக்கு இல்லை. தளம் மாறியபோது தரகரும் வணிகரும் தத்தம் சங்கங்களின் வாயிலாகப் பேசினர். விவசாயி பேசியது வேறிடத்தில்: 2023 செப்டம்பரில் கோத்தகிரிப் பகுதியில் படுகர் முதலிய சிறு விவசாயிகள் உண்ணாநோன்பிருந்தனர். பசுந்தேயிலை கிலோவுக்கு ரூ. 33.50 வேண்டும் என்பது அவர் கோரிக்கை. ஏலம் எவ்வாறு நடைபெறல் வேண்டும் என்பதைப் பற்றிய கோரிக்கை அன்று அது. சராசரியோடு ஏறியிறங்காத, உற்பத்திச் செலவை ஒட்டி நிற்கும் ஒரு விலையையே அவர் வேண்டினர். வணிகர் திரையில் ஏலம் கேட்கிறார். விவசாயி விலை கேட்கிறார். இரண்டிடத்தும் வினைச்சொல் ஒன்றே.